இரவில் கிணற்றடிக்குப் போகாமல் மோட்டார் இயக்கும் முறை

கிணற்றுப் பாசனத்தை நம்பிப் பண்ணையம் நடத்தும் கொங்குநாட்டில், நீர் இறைக்கும் வேலை எக்காலத்திலும் குடியானவரின் உறக்கத்தைக் கெடுத்தே வந்திருக்கிறது. கவலை ஏற்றம் நடந்த நாட்களில் கோழி கூவுமுன் எருது பூட்டவேண்டியிருந்தது. 1932ஆம் வருஷத்தில் நீலகிரியிலுள்ள பைகாரா மின்சார நிலையம் இயங்கத் தொடங்கி, அதன் மின்சாரம் கோயமுத்தூர்ச் சீமைக்கு இறங்கிவந்த பின், கிணறுகளில் மோட்டார்கள் ஏறின. எருதுகளின் பாடு குறைந்தது. ஆனால் மோட்டாரை ஓடவிடவும், நீர் பாய்ந்து முடிந்ததும் நிறுத்தவும் ஓர் ஆள் கிணற்றடிக்குப் போய்த் தீரவேண்டும் என்ற நிலை மட்டும் மாறாமல் நின்றது.

தற்காலத்தில் அந்த நடையைத் தவிர்க்கும் சாதனங்கள் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தபடியே கைபேசியில் உத்தரவு அனுப்பினால், தொலைவிலுள்ள மோட்டார் ஓடும், நிற்கும், தன் நிலையையும் தெரிவிக்கும். இவற்றை வாங்குவோர் பலர். இவற்றின் தன்மையை அறிந்து வாங்குவோர் சிலரே. அறியாமல் பொருத்தியதால் மோட்டார் கருகியதும் உண்டு. ஆகையால் இச்சாதனம் வேலை செய்யும் விதத்தையும், அதனிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்பதையும் இங்கே விளக்குவோம்.

நம் வட்டாரத்து நிலை

தொண்டாமுத்தூர் வட்டாரத்தின் மேற்கெல்லை முழுவதும் மலை. நரசீபுரம், விராலியூர், கெம்பனூர், தேவராயபுரம், செம்மேடு முதலிய ஊர்களின் தோட்டங்கள் பல போளுவாம்பட்டி வனச்சரகத்தை ஒட்டியே இருக்கின்றன. வாழை, தென்னை, மக்காச்சோளம் ஆகியவற்றை நாடி யானைகள் பொழுது சாய்ந்த பின் கீழிறங்குவதும், விடியுமுன் காடேறுவதும் இவ்வூரார் யாவரும் அறிந்ததே. காட்டுப்பன்றிகளின் தொல்லை தனி.

மின்சாரம் தடைப்பட்டு நள்ளிரவில் திரும்பும்போது, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்கு நடப்பது பழைய வழக்கம். யானை வாழைக்குள் நின்றால், பத்தடி தூரத்திலும் இருளில் தெரியாது. மோட்டார் ஓடும் இரைச்சலில் அதன் அரவமும் கேளாது. ஒரு தண்ணீர்க் கட்டுக்காக உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது. எனவே நம் வட்டாரத்தில் இச்சாதனத்தைச் சௌகரியம் என்று கருதுவதினும், பாதுகாப்பு என்று கருதுவதே பொருந்தும்.

சாதனத்தின் அமைப்பு

மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் என இரண்டு இருக்கின்றன. புதிய சாதனம் அந்த ஸ்டார்ட்டரை அகற்றுவதில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, நம் விரலுக்குப் பதிலாக அப்பொத்தான்களின் வேலையைச் செய்கிறது. அதற்கு நான்கு உறுப்புகள் உண்டு.

முதலாவது, செய்தியை வாங்கவும் அனுப்பவும் வல்ல ரேடியோ உறுப்பு. கைபேசியிலுள்ளது போன்ற ஒரு சிம் அட்டை இதில் இருக்கும். இரண்டாவது, வந்த உத்தரவைப் படித்து முடிவுசெய்யும் சிறு கணினி. மூன்றாவது, மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் உரிய ரிலேக்கள். நான்காவது, மூன்று முனைகளிலும் மின்னழுத்தம் எவ்வளவு, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்துகொண்டேயிருக்கும் அளவிகள். இவற்றோடு ஒரு சிறு பாட்டரியும் இருப்பது நலம். மின்சாரம் நின்றதையும் திரும்ப வந்ததையும் அதன் பலத்தால் சாதனம் நமக்கு அறிவிக்கும்.

இந்தக் கருவியின் பிறப்பே இரவு நடையைத் தவிர்க்கும் நோக்கத்தில்தான். புனே நகரத்துப் பொறியியலாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் என்பவர், தம் முதிய பாட்டனார் இரவில் பம்பை இயக்கத் தோட்டத்துக்கு நடந்து போனதைச் சிறுவயதில் கண்டு, பிற்காலத்தில் 'நானோ கணேஷ்' என்னும் கைபேசிச் சாதனத்தை அமைத்தார். இன்று கோயமுத்தூரிலும் பிற ஊர்களிலும் பல கம்பெனிகளின் சாதனங்கள் விற்பனையாகின்றன. தத்துவம் எல்லாவற்றிலும் ஒன்றே.

செய்தி செல்லும் விதம்

பழைய ரேடியோவில் குரல் அப்படியே அலையின் மீது ஏறிச் செல்லும். வழியில் இரைச்சல் கலந்தால் குரலும் கெடும். புதிய முறையிலோ, உத்தரவு முதலில் ஒன்று, சுழியம் என்னும் இரண்டே குறிகளின் வரிசையாக மாற்றப்பட்டு, பிறகு அலையில் ஏற்றப்படுகிறது. இதுவே டிஜிட்டல் முறை எனப்படுவது.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. கணக்கு எழுதுபவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை போட்டுவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஓர் எண் தவறினால் கூட்டுத்தொகை ஒத்துவராது, பிழை வெளிப்பட்டுவிடும். அவ்வாறே டிஜிட்டல் செய்தியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்த்தனுப்பப்படும். பெறுகிற இடத்தில் கணக்கு ஒத்துவராவிடில், அச்செய்தி தள்ளப்படும். ஆகவே 'நில்' என்பது வழியில் மாறி 'ஓடு' என்று ஆகிவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை.

ஆனால் செய்தி மாறாது என்பது வேறு. செய்தி போய்ச் சேரும் என்பது வேறு. குறுஞ்செய்தியானது அனுப்புவோரிடமிருந்து நேரே பெறுவோரிடம் பாய்வதன்று. அது இடையிலுள்ள நிலையத்தில் தங்கி, பெறும் சாதனம் வலையில் இருக்கும்போது ஒப்படைக்கப்படுகிறது. கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும், இடிமழையில் தொடர்பு அறுந்தாலும், செய்தி மணிக்கணக்கில் தங்கிவிடக்கூடும். வராமலே போகவும் கூடும். தபாலில் போட்ட கடிதம் சேர்ந்ததாகப் பதில் வந்தாலன்றி நம்பலாகாது என்பதைப் போலவே இதையும் கொள்ளவேண்டும்.

எந்த வலையைத் தேர்வது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கைபேசிக் கம்பெனிகளின் வலை. மோட்டார் அறையில் நம் கைபேசி நன்றாகப் பேசுமானால் இதுவே எளிது. தூரம் ஒரு தடையன்று. கோயமுத்தூரிலிருந்தும், சென்னையிலிருந்தும் உத்தரவு அனுப்பலாம். வாங்குமுன், எந்தக் கம்பெனியின் அலை அங்கே பலமாக இருக்கிறது என்று மோட்டார் அறையிலேயே நின்று சோதித்துப் பார்க்கவேண்டும். பழைய சாதனங்கள் பல 2ஜி வலையில் மட்டுமே இயங்குபவை. ஜியோ கம்பெனியின் வலையில் 2ஜி இல்லாமையால், அதன் சிம் அட்டை அவற்றில் பயன்படாது. புதிதாக வாங்குவோர் 4ஜி சாதனம் வாங்குவதே நெடுநாளைக்கு உதவும்.

மற்றொன்று, லோரா எனப்படும் தனி ரேடியோ முறை. நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸ் முதலாகத் தொடங்கும் ஒரு சிறு அலைப் பட்டையை, குறிப்பிட்ட திறனுக்கு மிகாமல், லைசென்சு இன்றியே யாரும் உபயோகிக்கலாம். இம்முறையில் வீட்டில் ஒரு பெட்டி, கிணற்றடியில் ஒரு பெட்டி. மாதக் கட்டணம் இல்லை. திறந்த வெளியில் சில கிலோமீட்டர் தூரம் செய்தி செல்லும். அடர்ந்த தென்னந்தோப்பும், மேடும், கட்டடமும் இடையிட்டால் தூரம் குறையும். ஒரே பண்ணையில் மூன்று நான்கு கிணறுகளும், தொட்டியும், சொட்டுநீர் வால்வுகளும் உள்ளவர்களுக்கும், கைபேசி அலை எட்டாத மலையடிவாரத்துப் பள்ளங்களுக்கும் இது ஏற்றது.

எந்த முறையாயினும், ஆண்டெனாவை இரும்புப் பெட்டிக்குள்ளும் தகரக் கூரையின் கீழும் வைக்கலாகாது. இரும்பு, ரேடியோ அலையைத் தடுத்துவிடும். கம்பி நீட்டி, கூரைக்கு வெளியே உயரத்தில் நிறுத்தவேண்டும்.

பெரிய திட்டத்தில் இதே முறை

நம் ஜில்லாவிலும் அண்டை ஜில்லாக்களிலும் இத்தத்துவம் பெரிய அளவில் கையாளப்படுவதை அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. நெடுங்காலமாகக் குடியானவர்கள் கோரிவந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024ஆம் வருஷம் ஆகஸ்டு 17ஆம் தேதி திறக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியாற்றின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி. அளவை 6 நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி, ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் ஜில்லாக்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய்வழிக் கொண்டுசெல்வது அத்திட்டம்.

இத்தனை குளங்களுக்கும் தினம் ஆள் அனுப்பி, மடை திறந்து மூடி, அளவு குறித்துவருவது இயலாத காரியம். ஆகையால் குளங்களில் நீர் விழும் இடத்தில், சூரியவொளி மின்சாரத்தால் இயங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவை நீரின் அளவை அறிந்து, கைபேசி வலை வழியாகத் தலைமை நிலையத்துக்குத் தெரிவிக்கின்றன. அங்கிருந்து வரும் உத்தரவுப்படி நீரை விடவும் நிறுத்தவும் செய்கின்றன. இவ்வாறு தொலைவிலுள்ள யந்திரங்களை ஓரிடத்திலிருந்து கண்காணித்து நடத்தும் ஏற்பாட்டைப் பொறியியலாளர் ஸ்காடா என்பர். நம் தோட்டத்து மோட்டாரில் வைக்கும் பெட்டி இதன் சிறு உருவமே.

மறக்கலாகாத விதி

இத்தகைய ஏற்பாடுகள் யாவற்றிலும் பொறியியலாளர் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. உத்தரவு தூரத்திலிருந்து வரலாம். காவல் யந்திரத்தின் பக்கத்திலேயே இருக்கவேண்டும். தொடர்பு அறுந்துபோனாலும் யந்திரம் தனக்குத் தீங்கு நேராமல் தானே நிற்கத் தெரிந்திருக்கவேண்டும்.

இதை அறியாததால் நேர்ந்த நஷ்டம் ஒன்றை நான் நேரில் கண்டேன். மலையடிவாரத்து அன்பர் ஒருவர் கைபேசிச் சாதனம் பொருத்தி, இரவு பத்து மணிக்கு மோட்டாரை ஓடவிட்டார். இரண்டு மணி நேரத்தில் கிணறு வற்றும் என்பது அவருக்குத் தெரியும். ஆதலால் பன்னிரண்டு மணிக்கு எழுந்து 'நில்' என்று செய்தி அனுப்பிவிட்டு உறங்கிப்போனார். அன்றிரவு இடிமழையில் கோபுரத்தின் தொடர்பு அறுந்திருந்தது. செய்தி விடியற்காலையில்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் மோட்டார் நீரின்றி ஓடிக் கருகிவிட்டது. வறட்டோட்டத்தைத் தடுக்கும் வசதி அச்சாதனத்திலேயே இருந்தது. பொருத்தியவர் அதை அமைக்காமல் விட்டிருந்தார். பதில் வந்ததா என்று இவரும் பார்க்கவில்லை. சுற்றுக்கம்பி மாற்றும் கூலியும், பத்து நாள் நீரின்றி வாடிய வாழையும் அவருக்கு நஷ்டமாயின. கருவியின் மேல் குற்றமில்லை. அதனிடம் காவலை ஒப்படைக்காததே குற்றம்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தவறாது அனுசரிக்கவேண்டும்.

1. ஓடும் உத்தரவோடு நிற்கும் நேரத்தையும் சேர்த்தே அனுப்புக. 'ஓடு' என்று மட்டும் சொல்லாமல், 'ஒன்றரை மணி நேரம் ஓடி நில்' என்று சொல்லும் வசதி பெரும்பாலான சாதனங்களில் உண்டு. அந்தக் கடிகாரம் கிணற்றடிப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், பிறகு தொடர்பு அறுந்தாலும் மோட்டார் நேரத்துக்கு நின்றுவிடும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி அபாயம் நீங்கும்.

2. வறட்டோட்டக் காவலை அமைத்துக்கொள்க. நீர் ஏற்றும்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியர், வெறுமனே ஓடும்போது குறைந்துவிடும். நீரேற்றும்போது 8 ஆம்பியர் காட்டும் மோட்டார், ஏறத்தாழ ஆறரை ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும்படி அமைப்பது வழக்கம். சரியான அளவைச் சாதனத்தின் கையேட்டின்படியும், தேர்ந்த எலெக்டிரீசியன் சொற்படியும் வைக்கவேண்டும். இதைச் சோதிக்கும்பொருட்டு நீர்மூழ்கி மோட்டாரை வேண்டுமென்றே நீரின்றி ஓட்டிப் பார்த்தல் கூடாது.

3. ஒருமுனை தடைப்படுதல், மின்னழுத்தக் குறைவு, அதிக பளு ஆகிய மூன்றுக்கும் காவல் இருக்கிறதா என்று பார்க்க. பழைய ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயைக் கழற்றிவிடச் சொல்வோரை நம்பவேண்டாம். இரண்டு காவல் இருப்பதில் குற்றமில்லை.

4. மின்சாரம் திரும்பியவுடன் தானே ஓடும்படி அமைப்போர், சில நிமிஷ இடைவெளி வைக்கவேண்டும். ஒரே டிரான்ஸ்பார்மரிலுள்ள மோட்டார்கள் யாவும் ஒரே நொடியில் கிளம்பினால் மின்னழுத்தம் வீழ்ந்து எல்லாருக்கும் கேடு. பக்கத்துத் தோட்டக்காரர்கள் கலந்துபேசி, ஒருவர் 3 நிமிஷம், மற்றவர் 6 நிமிஷம் என்று பிரித்துக்கொள்ளுதல் உத்தமம்.

5. பதில் வராத உத்தரவை நிறைவேறாத உத்தரவாகவே கொள்க. 'மோட்டார் ஓடுகிறது, இத்தனை ஆம்பியர்' என்று பதில் வந்தால்தான் நீர் ஏறுவதாக எண்ணலாம்.

6. உத்தரவு அனுப்பத் தகுந்த எண்களைப் பதிவுசெய்து, கம்பெனியார் வைத்துக்கொடுத்த இரகசிய எண்ணை உடனே மாற்றிவிடுக. சிம் அட்டையின் தவணை முடிந்தால் சாதனம் செவிடாகிவிடும். ஆகையால் தவணைத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

7. மோட்டாரிலோ, குழாயிலோ கைவைக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்க. முன்னெல்லாம் பொத்தானை அமுக்க ஆள் வந்தால்தான் மோட்டார் ஓடும். இப்போது ஆளில்லாமலே ஓடும் என்பதை வீட்டிலுள்ள யாவருக்கும், வேலையாட்களுக்கும் சொல்லிவைத்தல் மிக அவசியம். மோட்டார் அறைக் கதவில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கவும்.

8. சொட்டுநீர் அமைப்புள்ளவர்கள், எல்லா வால்வுகளும் மூடியிருக்கும்போது மோட்டார் கிளம்பாதபடி, இரவில் பாயவேண்டிய பகுதியின் வால்வைப் பகலிலேயே திறந்துவைக்கவேண்டும். இடி மின்னலுக்கு எர்த் இணைப்பு நன்றாக இருத்தல் வேண்டும்.

நீரை மிச்சப்படுத்துதல்

இச்சாதனத்தால் மற்றொரு தீமையும் வரக்கூடும். விரலசைத்தால் மோட்டார் ஓடும் என்றாகிவிட்டபின், பாய்ச்சுவது அளவுமீறும். நம் வட்டாரத்தில் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போவதை, போர் ஆழத்தைக் கண்டே யாவரும் உணர்வர். மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் நீர் இலவசமன்று. ஆகையால் சாதனம் குறித்துவைக்கும் ஓடிய நேரக் கணக்கை வாரம் ஒருமுறை பார்த்து, சென்ற வாரத்துக்கும் இவ்வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்துகொள்ளவேண்டும். கவலை ஏற்றக் காலத்தில் எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணிய பெரியோர் வழக்கம் இதுவே. ஒரே நேரத்தில் கிணறு வற்றும் காலம் குறைந்துகொண்டே வருமானால், ஊற்று தளர்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியது

கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் ஊருக்குப் பெரும் உதவி செய்யலாம். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் ஊராட்சி மோட்டாரிலும் இச்சாதனம் பொருந்தும். தொட்டி நிறைந்ததும் நிற்க, தொட்டியில் ஒரு மிதவை சுவிட்சும், கிணற்றடியில் ஒரு பெட்டியும் போதும். தொட்டி வழிந்து வீணாகும் நீரும், தொட்டியின் மேல் ஏறிப் பார்க்கும் ஆபத்தும் தவிரும்.

நம் ஜில்லாவைச் சேர்ந்த வால்பாறையில் நடந்ததையும் கவனிக்கத்தக்கது. அங்கே தேயிலைத் தோட்டங்களிடையே யானைகள் நடமாடுவதால் உயிர்ச்சேதம் நேர்ந்துவந்தது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமார் முதலானோர், வனத்துறையுடனும் ஊராருடனும் கூடி, யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியால் அறிவித்தனர். முக்கிய இடங்களில் கைபேசியால் ஏற்றக்கூடிய சிவப்பு விளக்குகளையும் நட்டனர். யானையைக் கண்டவர் கைபேசியால் விளக்கை ஏற்றினால், வேலை முடிந்து வீடு திரும்புவோர் தூரத்திலேயே கண்டு நின்றுவிடுவர். இதற்காக ஆனந்தகுமாருக்கு 2015ஆம் வருஷம் இங்கிலாந்தின் விட்லி பரிசு கிடைத்தது. அவ்விளக்கும் நம் மோட்டார்ப் பெட்டியும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. மலையோர ஊராட்சிகள் வனச்சரக அலுவலரோடு கலந்து, இத்தகைய விளக்குகளைப் பாதைத் திருப்பங்களில் அமைக்க ஆலோசிக்கலாம்.

கைபேசியால் இயங்கும் மோட்டார்ச் சாதனங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையார் மானியம் அளித்து வந்திருக்கின்றனர். மானியத்தின் அளவும் நிபந்தனையும் வருஷத்துக்கு வருஷம் மாறக்கூடியவை. ஆதலால் வாங்குமுன் அத்துறையின் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவேண்டும். கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைக் கேளாமல் பணம் கொடுக்கவேண்டாம். 'தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்குமா?' என்பது ஒன்று. 'பழுதானால் பார்க்க ஆள் எத்தனை நாளில் வருவார்?' என்பது மற்றொன்று.

பொருத்திய முதல் வாரம், பகலில் மட்டும் இயக்கி, நீங்கள் கிணற்றடியிலும் வீட்டார் ஒருவர் கைபேசியோடு வீட்டிலும் இருந்து, ஒவ்வொரு உத்தரவையும் சோதித்துப் பாருங்கள். சிம் அட்டையை ஒருமுறை கழற்றிவிட்டு, குறித்த நேரத்தில் மோட்டார் தானே நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால், அன்றிரவு முதல் நீங்கள் வீட்டிலேயே உறங்கலாம். நிற்காவிட்டால், பொருத்தியவரை அழைத்துச் சரிசெய்யும் வரையில், இரவில் மோட்டாரை ஓடவிடவேண்டாம்.